ஏழாம் நம்பர் டேப்லெட்

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்த அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை இருந்தது. அதற்குள் ஒரு இரும்பு அலமாரி. அலமாரியில் இருபத்துநாலு டேப்லெட்கள் நின்றவாக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு டாக்டர்கள் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வாங்கிப்போவார்கள், மாலையில் திருப்பித் தருவார்கள். எந்தக் கட்டிலில் யார், நேற்று ரத்தத்தில் என்ன வந்தது, எந்த மருந்து சேராது என்பதெல்லாம் அதற்குள்தான்.

அவற்றைக் கொடுத்து வாங்குவதும், விரல் பட்டு அழுக்கான திரைகளைத் துடைத்து வைப்பதும் கடிகார சிஸ்டரின் வேலை. இருபத்துமூன்றை மெதுவாகத் துடைப்பாள். ஏழாம் நம்பரை மட்டும், யாருடைய கன்னத்தையோ பிடித்துத் தேய்ப்பது போலத் தேய்ப்பாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது எழுத்தால். இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவள், எதை எழுதினாலும் பக்கத்தில் நேரத்தை எழுதாமல் விடமாட்டாள். ஊசி போட்டால் 9:10. போர்வை மாற்றினால் 9:25. ஒருமுறை வீட்டில் கணவர் காய்கறிப் பட்டியல் எழுதச் சொன்னபோது அதன் மேலேயும் 6:40 என்று எழுதியிருந்தாள். தையல்காரரான அவர் அதைக் கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். "என் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னாடியும் நேரம் போட்டிருக்கா. எனக்கு எப்போ நேரம் சரியில்லாமப் போச்சுன்னு தெரிஞ்சுக்க வசதியா இருக்கு."

அப்படிப்பட்டவளை ஒரு பொய் கீழ்த்தளத்துக்குத் தள்ளியது. பொய் சொன்னவரை நர்ஸ்கள் கஞ்சி டாக்டர் என்பார்கள். அவர் போடும் வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தரையில் வைத்தால் அதுவே தனியாக நிற்கும், அவ்வளவு கஞ்சி. வார்டின் தலைமை டாக்டர். நோய் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்பதை அவளும் மறுத்ததில்லை. ஆனால் டேப்லெட் வந்த நாளிலிருந்து அவருக்கு அது ஆகவே ஆகாது. சின்ன எழுத்து, வழுக்கும் திரை, தொட்டால் எங்கோ போய்விடும் பக்கம். ஜூனியர்கள் முன்னால் தடவித் தடவித் தேட அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அதனால் ஒரு பழக்கம் உண்டாயிற்று. காலை ரவுண்ட்ஸில் அவருக்கு அரை அடி பின்னால் கடிகார சிஸ்டர் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கட்டில் வந்ததும், "சர்க்கரை இருநூத்திநாப்பது, காய்ச்சல் இல்லை, நேத்து ராத்திரி தூங்கலை" என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வாள். அவர் நிமிர்ந்து, "என்ன, ராத்திரி தூக்கம் வரலையா?" என்று நோயாளியைக் கேட்பார். டாக்டர் எல்லாத்தையும் மனசிலேயே வைத்திருக்கிறாரே என்று நோயாளி உருகிப்போவார். அவர் சொல்வதை அவளே டேப்லெட்டில் ஏற்றுவாள், அவர் பெயரில்.

பாஸ்வேர்டு வைக்கச் சொன்ன முதல் நாளே, "ஏதாவது போடுங்க சிஸ்டர், எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்லை" என்றுவிட்டார். சட்டென்று அவளுக்கு நினைவு வந்தது தன் மகளின் பிறந்த தேதிதான். அதையே போட்டாள். நாலு வருடம் அந்தப் பெரிய டாக்டரின் பெயருக்குள் நுழையும் கதவை அவள் மகள் பிறந்த தேதி திறந்துகொண்டிருந்தது. வார்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாருக்கும் இது தப்பென்று தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

பதினாலாம் கட்டிலில் ஒரு தச்சர் படுத்திருந்தார். கடிகார சிஸ்டரின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அவள் வீட்டு வாசற்கதவைச் செய்து கொடுத்தவர். காலில் ஆறாத புண். அவருக்கு ஒரு வகை ஊசி சேராது என்று வந்த அன்றே அவர் மனைவி சொல்லியிருந்தாள். கடிகார சிஸ்டர் அதைச் சிவப்பில் ஏற்றினாள், நேரத்தோடு.

அன்று ரவுண்ட்ஸ் பதினொன்றரை மணிக்கு முடிந்தது. வழக்கம்போல டேப்லெட்டைத் திறந்தபடியே டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, அவள் இன்னொரு நோயாளியை ஸ்கேன் எடுக்கத் தரைத்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பதினாலாம் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். தச்சருக்கு முகம் வீங்கி, மூச்சு விசிலடித்தது. சேராத ஊசி ஏறியிருந்தது. போட்டது வார்டுக்கு வந்திருந்த ஒரு புது நர்ஸ். டேப்லெட்டில் ஆர்டர் வந்தது, போட்டாள். அந்த மருந்தை ஏற்றும்போதே திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வந்து நிற்கும். இவருக்கு இது சேராது என்று சொல்லும். கீழே இரண்டு பொத்தான்கள், 'நிறுத்து', 'பார்த்துவிட்டேன், தொடர்'. யாரோ இரண்டாவதை அழுத்தியிருந்தார்கள். டாக்டரே பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று புது நர்ஸ் நம்பிவிட்டாள்.

தச்சர் பிழைத்தார். பதினொரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து, இளைத்து, நாலு படி ஏறினால் மூச்சிரைக்கும் ஆளாக வீட்டுக்குப் போனார்.

விசாரணை மூன்றாம் நாளே நடந்தது. கூட்ட அறையில் மருத்துவமனையின் தலைவியான பெரிய டாக்டரம்மா, மற்ற டாக்டர்கள், நர்ஸ்கள், தச்சரின் மனைவி எல்லோரும் இருந்தார்கள். கஞ்சி டாக்டர் சத்தம் போடவில்லை. வருத்தமான குரலில் பேசினார். அந்த வருத்தத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"டேப்லெட் எப்பவும் சிஸ்டர் கையிலதான் இருக்கும். உங்களுக்கே தெரியும். நான் போன்ல, 'சேருமான்னு பார்த்துட்டுப் போடுங்க'ன்னுதான் சொன்னேன். அவங்க பார்க்காம அழுத்திட்டாங்க. வேலை அதிகம், பாவம்."

"நான் டேப்லெட்டை உங்க கையில கொடுத்துட்டுத்தானே டாக்டர் கீழே போனேன்?"

"எப்போ கொடுத்தீங்க? யாரு பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. ஸ்கேன் அறையில் இருந்தேன் என்றாள். ஸ்கேன் எடுப்பவரும் ஆமாம் என்றார். "கையில டேப்லெட் இருந்தா ஸ்கேன் ரூம்ல இருந்தே அழுத்தலாமே" என்றார் டாக்டர். பிறகு பெரிய டாக்டரம்மா, அந்தப் பெயருக்கு என்ன பாஸ்வேர்டு என்று கேட்டார். கடிகார சிஸ்டர் சொல்ல வேண்டியதாயிற்று. என்ன தேதி அது என்றார். மகள் பிறந்த தேதி என்றாள். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

வெளியே வராந்தாவில் தச்சரின் மனைவி அவளை மறித்தாள். "என் வீட்டுக்காரர் கையால செஞ்ச கதவைத் திறந்துதானே தினமும் வீட்டுக்குள்ள போறே? கை கூசலையா உனக்கு?" என்றாள். அதுவரை அந்த அம்மாள் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் கீழ்த்தளத்துக்கு மாற்றல் வந்தது. டேப்லெட்கள் இனி வார்டில் கிடக்கக்கூடாது, அலமாரியில் பூட்டிக் கணக்கோடு கொடுக்க வேண்டும் என்று புது விதி. அந்த அலமாரிக்குக் காவலாக அவளையே போட்டார்கள்.

அவள் அழவில்லை. கறுவினாள். சோற்றைப் பிசையும்போது கறுவினாள், பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கறுவினாள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் குரல் கேட்டது. ஒரு வாரம் பின்கதவு வழியாகப் போய் வந்தாள். கணவர் தைத்துக்கொண்டே சொன்னார்.

"விட்டுத் தள்ளு. வேலை இருக்குல்ல, அது போதும்."

"வேலை இருக்கு. பேரு போச்சே."

"பேரை யாரு தின்னப்போறா?"

"நான்தான். தினமும் தின்னுக்கிட்டிருக்கேன். தொண்டையில இறங்கலை."

"சரி, என்னதான் பண்ணப்போறே?"

"எல்லாரையும் உட்கார வச்சுத்தானே என்னைச் சொன்னாரு? அதே மாதிரி எல்லாரையும் உட்கார வச்சு அவரைச் சொல்லணும். அதே ரூம்ல."

கணவர் மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. "கத்தரிக்கோலை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே, நாளைக்கு ரெண்டு சட்டை வெட்டணும்" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கஞ்சி டாக்டர் கீழ்த்தளத்தின் பக்கமே வரவில்லை. காலையில் புது நர்ஸ்தான் அவருக்காகக் கையெழுத்துப் போட்டு ஏழாம் நம்பரை வாங்கிப்போவாள். இப்போது அவர் காதோரம் சொல்வது அவள்தான். ஒரு நாள் மாலை அவள் அவசரமாக வந்து டேப்லெட்டை வைத்துவிட்டு ஓடினாள். கடிகார சிஸ்டர் துடைக்க எடுத்தாள். திரை மூடவில்லை. மேலே கஞ்சி டாக்டரின் பெயர் பச்சையில் எரிந்துகொண்டிருந்தது. கீழே வார்டு முழுவதும் கட்டில் கட்டிலாக விரிந்து கிடந்தது.

ஒரு தட்டு போதும். யாருக்காவது ஒரு தப்பான மருந்து, அவர் பெயரில், அவர் டேப்லெட்டில். இந்த முறை யார் மேல் போடுவார்? அவள் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. மூன்றாம் கட்டில் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு பெண்ணின் வயது இருந்தது, பத்தொன்பது. அவள் மகளுக்கும் அதே வயதுதான்.

விரலை எடுத்துவிட்டாள். டாக்டர் மேல் இரக்கம் வந்து எடுக்கவில்லை. தான் பட்டதை அவர் படவேண்டும், நடுவில் ஒரு கட்டில் வரக்கூடாது, அவ்வளவுதான். திரையை மூடிவிட்டுப் பதிவேட்டில் எழுதினாள்: ஏழாம் நம்பர், மூடாமல் வந்தது, மாலை 5:12.

அடுத்த வாரம் கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் அலமாரியைச் சோதிக்க வந்தார். ஒயர்காரர் என்று பெயர். எந்நேரமும் வறுத்த கடலையைச் சட்டைப் பையில் வைத்துக் கொறிப்பவர், வாயில் ஏதாவது இருந்தால்தான் பேச்சு வரும். ஒரு டேப்லெட் காணாமல் போனால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சும்மாதான் கேட்டாள்.

"சுவத்துல வெள்ளையா பெட்டி பார்த்திருப்பீங்களே சிஸ்டர், நெட் வர்ற பெட்டி? ஒவ்வொரு ரூமுக்கும் ஒண்ணு. டேப்லெட் எந்தப் பெட்டிக்குப் பக்கத்துல இருக்கோ அதைப் பிடிச்சுக்கும். எத்தனை மணிக்கு எந்த டேப்லெட் எங்கே இருந்துச்சுன்னு பெட்டிக்குத் தெரியும்."

அவள் கையிலிருந்த துடைக்கும் துணி அப்படியே நின்றது. "பழசும் தெரியுமா அண்ணே?"

"தொண்ணூறு நாள் வரைக்கும். அப்புறம் அதுவே அழிச்சிடும்."

அன்று எண்பத்தோராம் நாள்.

"நான் கேட்டா எடுத்துக் கொடுப்பீங்களா?"

அவர் கொறிப்பதை நிறுத்தினார். விஷயம் புரிந்துவிட்டது. "நீங்க கேட்டாலும் முடியாது, நான் ஆசைப்பட்டாலும் முடியாது. உங்க விசாரணைதான் முடிஞ்சதுன்னு மூடிட்டாங்களே. நோயாளி எழுதிக் கேட்டா கொடுத்துத்தான் ஆகணும். தன்னோட ரெக்கார்டை யாரு திறந்தா, என்ன அழுத்தினா, எங்கே இருந்து அழுத்தினான்னு கேக்க அவருக்கு உரிமை இருக்கு. அதுக்குன்னு ஒரு படிவமே இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

மறுநாள் கடிகார சிஸ்டர் அந்தப் படிவத்தோடு தச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்த வேகத்திலேயே அந்த அம்மாள் சாத்தப்போனாள். இவள் செருப்புக் காலை இடையில் வைத்தாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா? அவருக்கு மூச்சைத் திருப்பிக் கொடு, நான் மன்னிக்கிறேன்."

"மன்னிப்புக் கேக்க வரலை. நான் செய்யாததுக்கு நான் ஏன் கேக்கணும்?"

"பின்ன எதுக்கு வந்தே?"

"நான்தான் செஞ்சேன்னு நீங்க வாயாலதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க. எழுத்துல வாங்குங்க. இதுல உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டா, எந்த இடத்துல இருந்து யாரு அழுத்தினாங்கன்னு ஆஸ்பத்திரி கொடுத்தாகணும். அந்த டேப்லெட் ஸ்கேன் ரூம்ல இருந்துச்சுன்னு வந்தா, அழுத்தினது நான்தான். தெருவைக் கூட்டி என் மூஞ்சியில துப்புங்க. நிக்கிறேன்."

உள்ளேயிருந்து தச்சரின் இருமல் கேட்டது. அந்த அம்மாள் படிவத்துக்குக் கை நீட்டினாள். இவள் மேல் நம்பிக்கை வந்து அல்ல, இவள் முகத்தில் துப்பும் நாளை நினைத்துத்தான் அவள் அதை வாங்கினாள். அது கடிகார சிஸ்டருக்கும் தெரியும். அந்தக் கோபம் போதும் என்று நினைத்தாள்.

"எல்லார் முன்னாடியும் படிக்கணும்" என்றாள் அந்த அம்மாள். "அன்னிக்கு மாதிரியே."

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

அந்த அம்மாள் மறுநாள் காலையிலேயே படிவத்தைக் கொடுத்துவிட்டு, பெரிய டாக்டரம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டாள். தனியாகக் கடிதம் கொடுக்கிறோம் என்றார்கள், வேண்டாம் என்றாள். பிறகு பார்க்கலாம் என்றார்கள், நகரவில்லை. மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். எண்பத்தெட்டாம் நாள் கூட்ட அறை மறுபடியும் நிறைந்தது.

ஒயர்காரர் சுவரில் பட்டியலைப் பெரிதாகக் காட்டிப் படித்தார். அன்று அவர் வாயில் கடலை இல்லை. அதனாலோ என்னவோ குரல் நடுங்கியது.

"காலை 11:42. ஏழாம் நம்பர் டேப்லெட். பதினாலாம் கட்டில். எச்சரிக்கை காட்டியது. அழுத்தியது, 'பார்த்துவிட்டேன், தொடர்'. எச்சரிக்கை திரையில் இருந்த நேரம், இரண்டு நொடி. இருந்த இடம், மூன்றாம் மாடி, டாக்டர்கள் ஓய்வறை."

அடுத்து ஸ்கேன் அறையின் பதிவேடு. உள்ளே வந்தது 11:35, வெளியே போனது 11:58. கடிகார சிஸ்டரின் கையெழுத்து, பக்கத்தில் ஸ்கேன் எடுப்பவரின் கையெழுத்து. தரைத்தளம்.

கஞ்சி டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் விடவில்லை. "நேரத்தை யார் வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் எழுதலாம். பாஸ்வேர்டு அவங்களுக்கும் தெரியும். டாக்டர்ஸ் ரூமுக்கு வந்து அழுத்தியிருக்கலாம்."

கடிகார சிஸ்டர் எண்பத்தெட்டு நாளாகப் பேச நினைத்ததையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எழுந்து நின்றபோது ஒன்றுதான் வந்தது.

"நர்ஸ்கள் உள்ளே வரக்கூடாதுன்னு அந்தக் கதவுல எழுதி ஒட்டினது யாரு டாக்டர்? உங்க கையெழுத்துதான். நாலு வருஷமா உங்க டீயைக்கூட நாங்க வாசல்ல நின்னுதானே நீட்டுறோம்?"

பின்வரிசையில் யாரோ ஒரு நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பெரிய டாக்டரம்மா கஞ்சி டாக்டரைப் பார்த்து, "நீங்க அழுத்தினீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் தன் கோட்டின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது திடீர்னு சிவப்பா வந்துச்சு. போகணும்னு அழுத்தினேன். படிக்கலை" என்றார்.

தச்சரின் மனைவி எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள். துப்புவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் துப்பவில்லை. "ரெண்டு நொடி" என்றாள். "அவர் மாடிப்படி ஏற அரை மணி நேரம் ஆகுது." பிறகு வெளியே போனாள். கடிகார சிஸ்டரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலை, அவள் வீட்டு வாசற்கதவின் கீல் கிரீச்சிடுவதாகச் சொல்லித் தச்சரின் மூத்த மகன் எண்ணெயோடு வந்து நின்றான். யாரும் கூப்பிடாமலேயே.

கூட்டம் கலைந்தபின் பெரிய டாக்டரம்மா கடிகார சிஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "அவருக்கும் வயசாச்சு. ரொம்ப உடைஞ்சு போயிட்டாரு. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

"மனசு பெருசாத்தான் மேடம் இருந்துச்சு. நாலு வருஷம் அவர் பாஸ்வேர்டையும் சேர்த்து வச்சிருந்தேன்."

கஞ்சி டாக்டரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். இளைய டாக்டர் ஒருத்திக்குக் கீழே ஆறு மாதம் வேலை. அவருடைய டேப்லெட்டை அவரேதான் வாங்க வேண்டும், திறக்க வேண்டும், எழுத வேண்டும். கடிகார சிஸ்டருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, இன்னொருவர் பெயரில் பதிவு செய்ததற்காக. அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 3:20 என்று எழுதினாள்.

"நாளையிலேருந்து நீங்க வார்டுக்கே வரலாம்" என்றார் பெரிய டாக்டரம்மா.

"ஒரு மாசம் கழிச்சு வர்றேன் மேடம்."

"ஏன்? கீழே என்ன இருக்கு?"

"டேப்லெட் இருக்கு" என்றாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கஞ்சி டாக்டர் கீழ்த்தளத்துப் படியில் இறங்கி வந்தார். துணி வெளுக்கும் அறையின் ஆவி பட்டு அவர் கோட்டு தளர்ந்திருந்தது. கடிகார சிஸ்டர் ஏழாம் நம்பரை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேயே திறந்து பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும் டாக்டர். விதி."

தானே வைத்த புது பாஸ்வேர்டை அவர் ஒற்றை விரலால் குத்தினார். தப்பு. மறுபடியும் குத்தினார். தப்பு. பின்னால் ஜூனியர் டாக்டர்கள் வரிசை சேர்ந்துவிட்டது.

"பெரிய எழுத்து ஒண்ணு வரணும் டாக்டர். மூணாவது தடவையும் தப்பானா பத்து நிமிஷம் பூட்டிக்கும்."

மூன்றாவது தடவையும் தப்பாயிற்று. அவர் பத்து நிமிடம் சுவரோரமாக நின்றார். அவள் மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சிக்காக அவள் வெட்கப்படவில்லை.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. இரண்டாம் வாரம் ஒரே ஒரு தப்போடு திறந்தார். நாலாம் வாரம் முதல் தடவையிலேயே திறந்துவிட்டது. அன்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அவர் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போகாமல், அங்கேயே நின்று வார்டைத் திறந்தார். முதல் கட்டில். அவர் விரல் வேறெங்கும் போகாமல் நேராகச் சேராத மருந்துகளின் பக்கத்தைத் தொட்டது. உதடு அசைய முழுவதையும் படித்தார். இரண்டாம் கட்டில். அதையும் படித்தார். படித்து முடித்ததும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார், சரியாகச் செய்கிறோமா என்று பார்ப்பது போல.

பயந்துதான் படிக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. திருந்தி அல்ல. பயமாகவே இருக்கட்டும், பதினாலாம் கட்டிலில் படுக்கிறவருக்கு அது போதும் என்று நினைத்தாள். ஒரு கட்டிலும் விடாமல் அவர் படித்து முடிக்கும் வரை எழுந்து நாற்காலியைக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பதிவேட்டை இழுத்து எழுதினாள்: ஏழாம் நம்பர், டாக்டர் தானே திறந்தார், 8:04. எடுத்துச் சென்றது, 8:31.

அடுத்த திங்கட்கிழமை அலமாரிச் சாவியை ஒயர்காரரிடம் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனாள்.